நஷ்டஈடு, கடனில் பாதி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே இருக்கும் சிறிய ஊர் வூபர்ன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் பதனிடுவதில் பேர் வாங்கிய இடம். ஊர் பெருகியது, தண்ணீர் போதவில்லை. 1964-இல் ஒன்று, 1967-இல் இன்னொன்று என்று நகராட்சி கிழக்குப் பகுதியில் இரண்டு கிணறுகளைத் தோண்டியது. 'ஜி', 'எச்' என்று அவற்றுக்குப் பெயர். அந்தத் தண்ணீர் வந்த நாள் முதல் கிழக்கு வூபர்ன் வீடுகளில் ஒரே முறையீடு: நாற்றம் அடிக்கிறது, பாத்திரத்தில் கறை படிகிறது, வாயில் வைக்க முடியவில்லை. குடிக்க ஏற்ற தண்ணீர்தான் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

1972 ஜனவரியில் அங்கே வசித்த ஆன் ஆண்டர்சன் என்ற தாயின் மூன்று வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது, தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்துத் தாய்மார் சிலரையும் அவர் அங்கே பார்த்தார். அவர்களுடைய குழந்தைகளுக்கும் அதே நோய். எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருப்பது காற்றும் தண்ணீரும்தானே என்று யோசித்தார். கேட்டவர்கள் பரிதாபப்பட்டார்கள், நம்பவில்லை. ஊரின் டிரினிட்டி எபிஸ்கோபல் தேவாலயப் போதகர் புரூஸ் யங்கும் முதலில் நம்பவில்லை. துக்கம் தாங்காத ஒரு தாய் பிடித்துத் தொங்கும் எண்ணம் என்றே அவரும் நினைத்தார்.

1979 மே மாதம் ஊருக்குள் ஒரு காலி மனையில் ரசாயனப் பீப்பாய்கள் கிடந்தன. அதன் பேரில் அக்கம்பக்கத்துக் கிணறுகளைச் சோதித்தபோது, பிசுக்கு நீக்கப் பயன்படும் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் தண்ணீரில் இருப்பது வெளிப்பட்டது. ஜி கிணற்றில் நூறு கோடிப் பங்குக்கு 267 பங்கு. பின்னாளில் அமெரிக்கா குடிநீருக்கு வகுத்த உச்சவரம்பு 5 பங்கு. கிணறுகள் மூடப்பட்டன. அந்த அக்டோபரில் யங்கும் ஆனும் தேவாலயத்தில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் வீடுகளை ஊர் வரைபடத்தில் குறித்தார்கள். பன்னிரண்டு குழந்தைகள். அவர்களில் ஆறு பேரின் வீடுகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. போதகரின் சந்தேகம் அன்றோடு போயிற்று.

அந்தக் கூட்டம் நடந்த இடம் தேவாலயம் என்பது தற்செயல் இல்லை. குழந்தை நோயில் விழுந்தால் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி கடவுளை நோக்கியது: எங்களுக்கு ஏன் இப்படி? எல்லா மதங்களும் அதற்கு ஏதோ ஒரு பதில் வைத்திருக்கின்றன. சோதனை, கர்மம், தலையெழுத்து, மனித அறிவுக்கு எட்டாத சித்தம். அந்தப் பதில்கள் பலரைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அவற்றை இளக்காரமாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒருவர் கழிவைத் தரையில் கொட்டியதால் வந்த நோயைக் கடவுளின் கணக்கில் எழுதினால், கொட்டியவர் தப்பிவிடுகிறார். அதுவும் இறைநிந்தனைதான். யங் செய்தது போதகர் வேலையை விட்டு விலகிச் செய்த காரியம் அல்ல. கடவுள் மேல் விழுந்த பழியை இறக்கி, அது உரிய இடத்தில் போய்ச் சேர வழி செய்தார். அந்த இரண்டாம் கேள்வி, 'இதைச் செய்தது யார்?' என்ற கேள்வி, ஒரு வழக்கறிஞரிடம் போய்ச் சேர்ந்தது.

அவர் பெயர் ஜான் ஷ்லிக்ட்மன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரிக்குப் போகுமுன் கொஞ்ச காலம் ஆயுள் காப்பீடு விற்றார். பிறகு ரோட் ஐலண்டில் குடிமையுரிமைச் சங்கத்தில் வேலை பார்த்தார். ஒருவர் செத்தால் குடும்பத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் தொழிலும், எளியவரின் உரிமைக்கு வாதாடும் தொழிலும் ஒரே இளைஞரின் கையில் அடுத்தடுத்து வந்தன. இரண்டும் கலந்ததுதான் அவர் பின்னால் தேர்ந்த விபத்து நஷ்டஈட்டு வழக்குத் தொழில். வூபர்ன் வழக்கு 1982 மே மாதம் பதிவானபோது அவருக்கு முப்பது வயதைச் சற்றுக் கடந்திருந்தது.

அமெரிக்காவில் இந்த வகை வழக்கறிஞர்கள் கட்சிக்காரரிடம் முன்பணம் வாங்குவதில்லை. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கு மேலும், அவர்களுடைய கூலி. தோற்றால் கூலி இல்லை. வழக்குக்குச் செலவழித்த பணமும் பெரும்பாலும் போனதுதான். இந்தியாவில் இதற்கு இடமில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடுக்கின்றன. பங்கு பேசும் வக்கீல் தன் லாபத்துக்காக வழக்கை வளைப்பார் என்ற அச்சம் இங்கே. பங்கு பேசாவிட்டால் ஏழைக்கு வக்கீலே கிடைக்க மாட்டார் என்ற வாதம் அங்கே. இரண்டும் உண்மை என்பதை வூபர்ன் காட்டியது. அந்த முறை இல்லாவிட்டால் ஒரு தொழிலாளர் ஊரின் எட்டுக் குடும்பங்கள் டபிள்யூ. ஆர். கிரேஸ், பியாட்ரிஸ் ஃபுட்ஸ் என்ற இரண்டு பெருநிறுவனங்களை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்க முடியாது.

ஷ்லிக்ட்மன் அந்த வழக்கில் தன்னையே போட்டார். நிலத்தடி நீர் நிபுணர்கள், மருத்துவர்கள், நரம்பியல் சோதனைகள், தோண்டித் தோண்டி எடுத்த மண் மாதிரிகள் என்று அவருடைய சிறிய அலுவலகம் செலவழித்தது 26 லட்சம் டாலர். வீட்டை, காரை, பேரை அடகு வைத்த செலவு அது. மூன்றாவது நிறுவனமான யூனிஃபர்ஸ்ட் 1985-இல் பத்தரை லட்சம் டாலர் கொடுத்துச் சமரசமாகியது. அந்தப் பணமும் மற்ற இருவர் மேல் நடந்த வழக்குக்குள்ளேயே போயிற்று.

1986 மார்ச்சில் விசாரணை தொடங்கியது. நீதிபதி வால்டர் ஜே ஸ்கின்னர் வழக்கைத் துண்டு போட்டார். நிறுவனங்களின் நிலத்திலிருந்து ரசாயனம் கிணற்றை எட்டியதா என்பது முதலில். எட்டியது என்று தீர்ந்தால்தான், அது நோயை உண்டாக்கியதா என்பது அடுத்தது. சட்ட நோக்கில் நியாயம் உண்டு. பெற்றோரின் கண்ணீர் நிலவியல் கேள்வியைக் குழப்பிவிடும் என்ற வாதம் அது. ஆனால் விளைவு என்ன? 78 நாள் விசாரணையில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய்கூட ஜூரி முன்னால் வாய் திறக்கவில்லை. பாறை, மணல், நீரோட்டம் பற்றி மட்டுமே பேச்சு. ரசாயனம் எந்த மாதம், எந்த ஆண்டு கிணற்றுக்கு வந்து சேர்ந்தது என்று தேதி குறிக்கும்படி ஜூரியிடம் கேட்டார்கள். நிலவியல் நிபுணர்களே தயங்கும் கேள்வி. ஜூலை 28 அன்று தீர்ப்பு வந்தது. பியாட்ரிஸ் பொறுப்பில்லை, கிரேஸ் அசட்டையாக நடந்துகொண்டது. தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கிரேஸ் மீதான விசாரணையை மறுபடி நடத்த நீதிபதி முடிவு செய்தார். அதற்குள் சமரசம் ஆயிற்று: 80 லட்சம் டாலர். செலவும் கூலியும் போக ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3,75,000 டாலர், ஐந்தாண்டு கழித்து இன்னும் 80,000. கிரேஸ் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

பியாட்ரிஸ் மேல் போட்ட மேல்முறையீட்டில் இன்னொன்று வெளிப்பட்டது. பியாட்ரிஸ் தரப்பின் தோல் ஆலை நிலம் பற்றிய 1983-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்று வாதிகளிடம் கொடுக்கப்படாமலே இருந்தது. கொடுக்காதது தவறான நடத்தை என்று ஸ்கின்னரே கண்டார். ஆனாலும் புது விசாரணைக்கு உத்தரவிடவில்லை. 1990-இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. ஷ்லிக்ட்மன் ஓட்டாண்டி ஆனார். திவால் மனு போட்டுவிட்டு ஹவாய்த் தீவுக்குப் போய்விட்டார். ஜானதன் ஹார் 1995-இல் இந்த வழக்கைப் புத்தகமாக எழுதினார். 1998-இல் வந்த படத்தில் ஜான் ட்ரவோல்டா ஷ்லிக்ட்மனாக நடித்தார். கட்சிக்காரருக்காகத் தன்னையே அழித்துக்கொண்ட வக்கீல் என்ற பிம்பம் உலகெங்கும் பரவியது.

இங்கேதான் தத்துவக் கேள்வி தொடங்குகிறது. அந்தப் பெற்றோர் கேட்டது என்ன? பணத்துக்காக இந்த வழக்கு இல்லை என்று ஆன் ஆண்டர்சன் திரும்பத் திரும்பச் சொன்னார். செய்தவர்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தன் மகன் எதனால் செத்தான் என்று தெரிய வேண்டும். அவருடைய கையில் வந்தது காசோலை. பொறுப்பேற்பு வரவில்லை. அப்படியானால் அந்தக் காசோலை எதற்கான தொகை?

தமிழ் மனம் இந்தக் கேள்வியை ஒரு கதையில் வைத்துப் பல நூற்றாண்டாகப் பார்த்துவருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், இளவரசனின் தேரில் அடிபட்டுக் கன்று இறக்கிறது. பசுவதைக்கு நூல்கள் சொன்ன பரிகாரம் இருக்கிறது, அதைச் செய்துவிடலாம் என்கிறார்கள் அமைச்சர்கள். பரிகாரம் செய்தால் தாய்ப்பசுவின் துயரம் தீருமா என்று கேட்கிறான் மனுநீதிச் சோழன். வேறு ஒருவன் கொன்றிருந்தால் தண்டனை, என் மகன் கொன்றால் பரிகாரமா என்றும் கேட்கிறான். மகனைத் தேர்க்காலில் கிடத்துகிறான். திருவாரூரில் இன்றும் அதற்குக் கல்தேர் நிற்கிறது. ஈட்டை மறுத்த அரசனின் பக்கமே தமிழர் நினைவு நிற்கிறது.

யூத மரபு வேறு வழி போயிற்று. கண்ணுக்குக் கண் என்று தோராவின் யாத்திராகமத்தில் இருக்கிறது. ரபிகள் அதை உடலுக்கு உடல் என்று எடுக்கவில்லை. ஒருவர் கண் பெரிது, இன்னொருவர் கண் சிறிது. பார்வையற்றவர் ஒருவர் இன்னொருவர் கண்ணைப் பறித்தால் எதை எடுப்பது என்று கேட்டார்கள். சமமாகப் பழிவாங்குவது நடக்காத காரியம், ஆகவே பணம் என்று முடிவு செய்தார்கள். ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவின் பாபா காமா பகுதி, அடித்தவர் ஐந்து கணக்கில் பணம் தர வேண்டும் என்கிறது: உறுப்பு போனதால் குறைந்த மதிப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், பட்ட அவமானம். இன்றைய நஷ்டஈட்டு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பட்டியல் இதிலிருந்து வெகு தூரம் போய்விடவில்லை.

அதே பகுதியில் ஒரு வழக்கு வருகிறது. சந்தையில் ஒருவன் ஒரு பெண்ணின் முக்காட்டை அகற்றிவிடுகிறான். ரபி அகிவா நானூறு சூஸ் நாணயம் அபராதம் விதிக்கிறார். அவன் தவணை கேட்டுப் போய், அவள் தன் முற்ற வாசலில் எண்ணெய்க்காகத் தானே முக்காட்டை எடுப்பதைச் சாட்சிகளோடு பார்த்து வந்து, இவளுக்கா நானூறு என்று வாதாடுகிறான். தீர்ப்பு மாறவில்லை. தன்னைத் தாழ்த்திக்கொள்ள அவளுக்கு இடம் உண்டு, அவளைத் தாழ்த்த உனக்கு உரிமை இல்லை என்பது அகிவாவின் நிலை. இஸ்ரவேலின் ஏழைகூட ஆபிரகாமின் பிள்ளைதான், சொத்திழந்த சுதந்திர மனிதராகவே அவரைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார்.

எல்லா மனிதருக்கும் ஒரே மதிப்பா என்ற இதே சிக்கலில், பதினெட்டு நூற்றாண்டு கழித்து இன்னொரு அமெரிக்க வழக்கறிஞர் மாட்டிக்கொண்டார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு ஏற்படுத்திய நிதியை நடத்திய கென்னத் ஃபைன்பர்க், மாசசூசெட்ஸின் பிராக்டனில் பிறந்தவர். 33 மாதம் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். சட்டம் சொன்னபடி, இறந்தவர் சம்பாதித்திருக்கக்கூடிய தொகையைக் கணக்கில் எடுத்தாக வேண்டியிருந்தது. அதனால் ஒரு குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், இன்னொரு குடும்பத்துக்கு எழுபது லட்சத்துக்கும் மேல் என்று தொகைகள் விலகிப் போயின. பாத்திரம் கழுவியவரும் பங்குத் தரகரும் ஒரே கட்டடத்தில் ஒரே காலையில் இறந்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்குப் போன தொகை மட்டும் வேறுவேறு. இது சரியில்லை, எல்லா உயிருக்கும் சமத் தொகையே கொடுத்திருக்க வேண்டும் என்று ஃபைன்பர்க் பின்னால் எழுதினார். 2007-இல் வர்ஜீனியா டெக் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கு நன்கொடைப் பணத்தைப் பங்கிட்டபோது அப்படியே செய்தார். அகிவாவின் தீர்ப்பை நோக்கி அவர் வந்து சேர்ந்ததாகவே இதைப் படிக்கலாம்.

இம்மானுவேல் கான்ட் 1785-இல் எழுதிய நூலில், விலை உள்ளதற்கு மாற்று வைக்கலாம், மதிப்பு உள்ளதற்கு மாற்றே கிடையாது என்று பிரித்தார். அதை வைத்து நஷ்டஈட்டையே இழிவாகப் பேசுவோர் உண்டு: பிள்ளையை விற்றுப் பணம் வாங்கினார்கள் என்று. வூபர்ன் பெற்றோர் இந்தப் பேச்சையும் கேட்டிருக்கிறார்கள். இது கொடுமை, தவறும்கூட. பணம் இறந்த பிள்ளையின் விலை அல்ல. செய்தவரின் கடனில் எண்ணக்கூடிய பகுதி அது. எண்ண முடியாத பகுதி ஒன்று மிச்சம் இருக்கிறது.

மிஷ்னா அந்த மிச்சத்தைத் தெளிவாகச் சொல்கிறது. ஐந்து கணக்கிலும் பணம் கொடுத்துத் தீர்த்தவருக்கும், அடிபட்டவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கும்வரை மன்னிப்பு இல்லை. குர்ஆனும் இரண்டாகவே பிரிக்கிறது. தவறுதலாகக் கொன்றவர் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். குடும்பம் தர்மமாக விட்டுக்கொடுத்தால் அது வேறு. அதோடு கடவுளுக்கு முன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், முடியாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பிருக்க வேண்டும். குடும்பத்துக்குக் கொடுக்கும் பணம், உள்ளத்தில் நடக்க வேண்டிய திருப்பத்துக்கு ஈடாகாது. இந்த மரபுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விஷயங்கள் எத்தனையோ. இதில் ஒரே குரல்.

நவீன நீதிமன்றம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. இரண்டாம் பாதியைத் தடுக்கவும் செய்தது. மன்னிப்புக் கேட்டால் அதையே குற்ற ஒப்புதலாக எடுத்து வழக்கில் காட்டுவார்கள் என்பதால், வாயைத் திறக்காதே என்பதே எதிர்த்தரப்பு வக்கீல்களின் முதல் அறிவுரை. மாசசூசெட்ஸில் ஒரு செனட் உறுப்பினரின் மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தாள். ஓட்டியவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சொன்னால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்தத் தகப்பன் தொடங்கிய முயற்சியால், விபத்துக்குப் பின் சொல்லும் அனுதாப வார்த்தையைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்று 1986-இல் அந்த மாநிலம் சட்டம் செய்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சட்டத்தில் அதுவே முதல். வூபர்ன் பெற்றோர் ஜூரி முன் பேச முடியாமல் உட்கார்ந்திருந்த அதே ஆண்டு, அதே மாநிலம்.

கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனை இன்னும் ஒரு படி போனது. இரண்டு சிகிச்சைத் தவறு வழக்குகளில் பெரும் பணத்தை இழந்த பிறகு, 1987 முதல் தவறு நடந்தால் குடும்பத்தாரிடம் தாங்களே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கக்கூடிய தவறுகளையும் கூப்பிட்டுச் சொன்னார்கள்; வருத்தம் தெரிவித்தார்கள்; நியாயமான ஈடும் கொடுத்தார்கள். மருத்துவமனை நொடிந்துபோகவில்லை. அதன் நஷ்டஈட்டுச் செலவு மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிடும்போது மிதமாகவே இருந்தது என்று 1999-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டியது.

இந்த வெளிச்சத்தில் ஷ்லிக்ட்மனின் அர்ப்பணிப்பை மறுபடி பார்க்க வேண்டும். அவர் தன் பணத்தையும் உடல்நலத்தையும் கொடுத்தார் என்பதில் சந்தேகமே இல்லை. அதைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் அவர் கொடுத்தது யாருக்கு? கட்சிக்காரருக்கா, வழக்குக்கா? ஹாரின் புத்தகத்தைப் படிப்பவருக்கு இந்தக் கேள்வி எழாமல் போகாது. வழக்கு பெரிதாகப் பெரிதாக, அதில் ஜெயிப்பதே நோக்கமாகிவிட்டது. பெரிய நிறுவனங்களைப் பணிய வைக்கும் தொகை என்று ஒன்றை நினைத்து அதைத் துரத்தினார். சமரசப் பேச்சு முறிந்தது. கடைசியில் கடன்காரர்கள் கழுத்தை நெரிக்க, வந்ததை வாங்க வேண்டியதாயிற்று. தன்னை எரித்துக்கொண்ட வக்கீலுக்கு, கட்சிக்காரருக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் வலிமை மிஞ்சவில்லை. செலவுக் கணக்கைப் பற்றி அவருடைய கட்சிக்காரர்களில் சிலருக்கே மனக்குறை இருந்தது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983-இல் வகுத்த மாதிரி நடத்தை விதிகள் இதை ஒரே வரியில் தீர்க்கின்றன: வழக்கின் நோக்கத்தை முடிவு செய்பவர் கட்சிக்காரர். சமரசம் வேண்டுமா வேண்டாமா என்பதும் அவர் கையில். வழியைத்தான் வக்கீல் பார்க்க வேண்டும். இந்த விதியை முழு மனதோடு எடுத்துக்கொண்டால், தியாகம் செய்வதைவிடக் கடினமான ஒன்றை அது வக்கீலிடம் கேட்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் உண்மையில் எதைத் தேடி வந்திருக்கிறார் என்று கேட்டறிந்து, தன் ஆசையை அதற்குக் கீழே வைக்க வேண்டும்.

ஷ்லிக்ட்மன் அதைக் கற்றுக்கொண்டார் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஹவாயிலிருந்து திரும்பியவரை நியூஜெர்சி மாநிலம் டாம்ஸ் ரிவரில் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோர் தேடி வந்தார்கள். அங்கேயும் கிணறு, அங்கேயும் ரசாயனப் பீப்பாய்கள். சிபா-கைகி என்ற சாய ஆலையும், யூனியன் கார்பைடின் கழிவைப் பண்ணை நிலத்தில் கொட்டிய ஒப்பந்தக்காரரும் காரணம் என்று ஊர் சொன்னது. போபாலில் 1984-இல் விஷவாயு கசிந்த ஆலையை நடத்திய துணை நிறுவனத்தில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்த அதே யூனியன் கார்பைடு. இந்த முறை ஷ்லிக்ட்மன் நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. மார்க் கூக்கர், எஸ்தர் பெரெசோஃப்ஸ்கி என்ற இரு வழக்கறிஞர்களோடு சேர்ந்து, வழக்குப் போடாமல் காலக்கெடுவை நிறுத்திவைக்க நிறுவனங்களோடு உடன்பாடு செய்தார். இரு தரப்பும் அறிவியல் தகவல்களைப் பரிமாறிக்கொண்டன. 2001 டிசம்பரில் 69 குடும்பங்களுக்கும் யூனியன் கார்பைடு, சிபா, குடிநீர் நிறுவனம் ஆகியவற்றுக்கும் சமரசமாயிற்று. தொகை வெளியிடப்படவில்லை. நிறுவனங்கள் இங்கேயும் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கடனின் இரண்டாம் பாதி அங்கேயும் நிலுவைதான். ஆனால் எந்தக் குடும்பமும் பல ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் தேயவில்லை, வக்கீலும் திவாலாகவில்லை.

ஃபைன்பர்க்கின் அனுபவம் இதற்கு இன்னொரு சாட்சி. செப்டம்பர் 11 நிதியில் விரும்பிய குடும்பங்களைத் தனித்தனியே சந்தித்தார், நூற்றுக்கணக்கான சந்திப்புகள். வந்தவர்களில் பலர் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். புகைப்படங்களையும் கல்யாண வீடியோக்களையும் பதக்கங்களையும் கொண்டுவந்து, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொன்னார்கள். அரசின் சார்பில் ஒருவர் உட்கார்ந்து கேட்டதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. வூபர்ன் பெற்றோருக்கு 78 நாளில் கிடைக்காதது அது.

வூபர்னின் மிச்சக் கடன் வேறு வழிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1988-இல் கிரேஸ், சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்திடம் பொய்த் தகவல் கொடுத்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதம் கட்டியது. 1991-இல் கிரேஸ், பியாட்ரிஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் ஏறத்தாழ 7 கோடி டாலர் செலவில் நிலத்தையும் நீரையும் சுத்தம் செய்ய அரசோடு உடன்பட்டன. ஜூரி பொறுப்பில்லை என்று விட்ட நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருந்தது. வூபர்ன் தாய்மாரில் கர்ப்ப காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களின் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது என்று மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை 1997-இல் அறிக்கை கொடுத்தது. ஆன் ஆண்டர்சனின் மகன் 1981 ஜனவரியிலேயே, பன்னிரண்டு வயதில் இறந்துவிட்டிருந்தான். 'உங்கள் சந்தேகம் சரிதான்' என்ற பதில் அரசிடமிருந்து வர, அதற்குப் பின் பதினாறு ஆண்டுகள் ஆயின.

விபத்திலோ சிகிச்சைத் தவறிலோ ஆலைக் கழிவிலோ ஒருவரை இழந்து வக்கீலைத் தேடிப் போகும் குடும்பங்கள் நம் ஊரிலும் தினமும் உண்டு. அவர்கள் நஷ்டஈட்டைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். அது அவர்களுக்கு வர வேண்டிய கடன். அதோடு, செய்தவர் வாயால் உண்மையைக் கேட்க வேண்டும் என்றால் அதையும் முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும். வக்கீல்கள் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன், எவ்வளவு வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன வேண்டும் என்றும் கேட்கட்டும்.